பதினோராம் நம்பர் பிரேக்கர்

பயிற்சி மையத்தில் விண்ணப்பம் வாங்கிக்கொண்டிருந்த பெண் என் தாளைப் பார்த்துவிட்டு, நான் குறியிட்டிருந்த கட்டத்தை நகத்தால் தட்டினாள்.

"அக்கா, மாத்திப் போட்டுட்டீங்க. இது எலக்ட்ரிக்கல். கேக், ரொட்டி போடறது இதுக்குக் கீழ இருக்கு பாருங்க."

"மாத்திப் போடல."

"முடி வெட்டறதுகூட இருக்கு. பொம்பளைங்க எல்லாம் அதுலதான் சேர்றாங்க."

"எனக்குப் படிக்கத் தெரியும். படிச்சுதான் டிக் போட்டேன்" என்றேன். என் குரல் உயர்ந்ததில் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முத்திரையைக் குத்தித் தாளைத் தள்ளிவிட்டாள்.

எனக்கு அப்போது முப்பத்தோரு வயது. எட்டு வருடம் இறால் உரிக்கும் ஆலையில் ஐஸ் தண்ணீரில் கைவைத்துக்கொண்டு நின்றவள். ஆலையை மூடிவிட்டார்கள். வேலை போனவர்களுக்கு அரசாங்கம் இலவசப் பயிற்சி தருகிறது என்றார்கள். ஏன் எலக்ட்ரிக்கல் என்று என் அம்மாவும் கேட்டாள், பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்டார்கள். காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆலையில் குளிர் அறை நின்றுபோனால் ஒரு ஆள் பையைத் தூக்கிக்கொண்டு வருவான். நாள் முழுக்க எங்களை நாய்போல் விரட்டும் சூப்பர்வைசர் அவனுக்கு டார்ச் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நிற்பார். 'இன்னும் கொஞ்சம் இடது பக்கம்' என்று அவன் சொன்னால் டார்ச் இடது பக்கம் போகும். எனக்கு அந்த ஆளாக வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான்.

வகுப்பு மூன்று மாதம். அதன்பிறகு இருபத்தாறு வாரம் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை பழக வேண்டும். ஒரு நீலநிறப் புத்தகம் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு வாரமும் என்ன வேலை செய்தேன் என்று மேஸ்திரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்தாறு கையெழுத்து விழுந்தால்தான் தேர்வுக்கு உட்கார முடியும்.

பிலிப்பைன்ஸில் எங்கள் ஊரான இலோய்லோவில் பதினோரு கான்ட்ராக்டர்களின் படியேறினேன். கடைசியில் மேடம் ஃபெலிசா என்பவர் எடுத்துக்கொண்டார். கணவர் இறந்தபிறகு கம்பெனியைத் தானே நடத்துகிறவர், ஒரு பெண்ணுக்கு ஒரு பெண் உதவ வேண்டும் என்று சொன்னார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அந்தக் கண்ணீரை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

வேலை, ஊரின் ஹாரோ பகுதியில் இரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில். கீழே ஒரு பேக்கரி ஏற்கெனவே திறந்து வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. மேல்மாடியில் பல் மருத்துவருக்கும் டியூஷன் சென்டருக்குமாக அறைகள் தயாராகிக்கொண்டிருந்தன. மேஸ்திரி பெயர் நெஸ்தோர். ஐம்பது வயது, கழுத்தில் துண்டு, எப்போதும் காதில் ஒரு சிகரெட். அண்ணன் முறை வைத்து 'மனோங்' என்று நேரில் கூப்பிட்டேன். இங்கே அவனை 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை.

முதல் நாள் காலையில் என் பெல்ட்டைப் பார்த்தான். கட்டிங் பிளேயர், ஸ்க்ரூ டிரைவர், டெஸ்டர் எல்லாம் புதுசு. இறால் ஆலை கொடுத்த கடைசிப் பணத்தில் வாங்கியவை.

"அடேயப்பா! கல்யாணப் பொண்ணு மாதிரி நகையெல்லாம் போட்டுட்டு வந்திருக்கு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். "உன் பேரென்ன இந்தாய்?"

இந்தாய் என்றால் தங்கச்சி. அன்பாகவும் சொல்லலாம், அவன் சொன்ன மாதிரியும் சொல்லலாம்.

"மாரிவிக்."

"சரி இந்தாய். ஆறு காபி வாங்கிட்டு வா. எனக்கு மட்டும் சக்கரை போடாம."

வாங்கி வந்தேன். முதல் நாள்தானே என்று நினைத்தேன். மூன்று வாரம் அதே கதை. காபி, மதியச் சோறு, சிகரெட், பெருக்குவது, சிமென்ட் தூளை மூட்டை கட்டுவது. நடுவே சுவரில் காடி வெட்டச் சொல்வார்கள். உளியும் சுத்தியலும் வைத்து நாள் முழுக்க வெட்டிவிட்டு, பைப்பைப் பதித்து ஒயர் இழுக்கும் நேரம் வந்தால் "இந்தாய், கீழ போய் ஆணி எடுத்துட்டு வா" என்பான். ஆணியோடு நான் வருவதற்குள் ஒயர் இழுத்து முடித்திருப்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் என்னைக் கிண்டல் செய்யாத ஒரே ஆள் ருபெர்தோ. நாற்பத்தைந்து வயது, ஒல்லி, நெஸ்தோரிடம் பதினோரு வருடமாக வேலை செய்பவர். மதியம் நான் தனியாக உட்கார்ந்தால் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காருவார். கருவாடும் சோறும். "எடுத்துக்கோ" என்று ஒரு துண்டை என் மூடியில் போடுவார். வேறு பேச்சு இருக்காது. மற்றவர்கள் சிரிக்கும்போது அவர் சிரிக்கமாட்டார். ஆனால் நிறுத்துங்கள் என்றும் சொன்னதில்லை.

நான்காவது வாரம் நீலப் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். நான்கு வாரத்துக்கும் ஒரே வரி: 'இடத்தைச் சுத்தம் செய்தல்.'

நேராக அவனிடம் போனேன்.

"மனோங், இது என்ன?"

"படிக்கத் தெரியாதா?"

"நாப்பது மீட்டர் காடி வெட்டினேன். ஸ்விட்ச் பாக்ஸ் இருபத்தி மூணு பதிச்சேன். அதெல்லாம் எங்க?"

"காடி வெட்டறது கொத்தனார் வேல. நீ கொத்தனார் ஆகணும்னா சொல்லு, அப்படியே எழுதித் தரேன்."

"பொய் எழுதாதீங்க."

சுற்றி இருந்தவர்கள் வேலையை நிறுத்தினார்கள். அவன் காதிலிருந்த சிகரெட்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான். "பொய்யா? அப்ப உண்மையான வேலயத் தரேன். பண்ணிக் காட்டு. முடியலன்னா அழுதுட்டு அம்மா வீட்டுக்குப் போயிடணும். சரியா?"

"சரி."

அன்றிலிருந்து வேலை கொடுத்தான். யாருக்கும் பிடிக்காத வேலையாகப் பார்த்துக் கொடுத்தான். தகரக் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே, மதிய வெயிலில், படுத்துக்கொண்டே பைப் பொருத்துவது. வியர்வையில் கண் தெரியாது. இறங்கி வரும்போது "அழுதியா இந்தாய்?" என்பான். நான் அழவில்லை. மனதுக்குள் அவனை என்னென்னவோ செய்துகொண்டிருந்தேன். ஆனால் வேலை வந்துவிட்டது. பதினெட்டாவது வாரத்தில் ஒரு அறை முழுவதையும் நானே ஒயரிங் செய்து முடித்தேன். ஒரு தவறும் இல்லை. அவன் ஒவ்வொரு இணைப்பையும் பிரித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனான். புத்தகத்தில் மட்டும் சரியாக எழுதினான். எழுதித்தான் ஆக வேண்டும், அந்த அறையின் படத்தை நான் போனில் எடுத்து வைத்திருந்தேன்.

பத்தொன்பதாவது வாரம் திங்கட்கிழமை. மேல்மாடி நடைபாதையின் சீலிங்கில் மூன்று விளக்கு மாட்ட வேண்டும். ஒயர்கள் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தன. அந்த லைனுக்குப் பதினோராம் நம்பர் பிரேக்கர். கீழே பேக்கரிக்குப் பின்னால் இருக்கும் பேனலில் போய் நானே அதை இறக்கினேன். இறக்கி, அதன்மேல் டேப் ஒட்டி, 'ஏற்றாதே – மாரிவிக்' என்று எழுதினேன். மேலே வந்து ஏணியில் ஏறி டெஸ்டரை வைத்தேன். உள்ளே சின்ன விளக்கு எரிந்தது.

இறங்கிப் போய்ப் பிரேக்கரை மறுபடி பார்த்தேன். இறங்கித்தான் இருந்தது. டேப்பும் இருந்தது. மறுபடி ஏறினேன். மறுபடி எரிந்தது.

"மனோங், லைன்ல கரண்ட் இருக்கு."

நெஸ்தோர் அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தான். "பிரேக்கரை எறக்கினியா?"

"எறக்கிட்டேன். ரெண்டு தடவ பாத்துட்டேன்."

"அப்ப எப்படி இருக்கும்? பக்கத்து ஒயர்ல கரண்ட் ஓடினாலே அந்தப் பேனா டெஸ்டர் மினுங்கும். அது பேய்க் கரண்ட். கடிக்காது."

பக்கத்து ஒயரின் பாதிப்பில் அப்படி மினுங்குவது உண்டு என்று வகுப்பிலும் சொல்லியிருந்தார்கள். ஆனால் இது மினுங்கவில்லை, எரிந்தது.

"மெயினை எறக்கிட்டு வேல பாக்கலாம். அஞ்சு நிமிஷம்தான்."

"மெயினை எறக்கினா பேக்கரிக்காரி கத்துவா. அவ மாவு மெஷின் ஓடிட்டிருக்கு."

"அப்ப நான் ஏறமாட்டேன்."

அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வாரமாகக் காத்திருந்தது கிடைத்துவிட்டது. "கேட்டீங்களாடா? பேய்க்குப் பயந்து ஏறமாட்டாளாம்! ருபெர்தோ, நீ போ. இந்தாய்க்குச் சாமியாரைக் கூட்டிட்டு வந்து தாயத்து கட்டணும்."

ருபெர்தோ என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று வாயாலும் சொன்னேன். "மனோங் ருபெர்தோ, ஏறாதீங்க. நிஜமாவே இருக்கு."

"நெஸ்தோர் சொல்றாரே" என்றார். பதினோரு வருடப் பழக்கம். ஏறிவிட்டார்.

ஒயரைக் கையில் பிடித்ததும் ஒரு சத்தம் வந்தது. கத்தல் இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு உறுமுவதுபோல. உடம்பு முறுக்கிக்கொண்டது. ஒரு கை ஒயரில், மறுகை சீலிங்கின் இரும்புச் சட்டத்தில். விட முடியவில்லை. நெஸ்தோர் "பிரேக்கர்! பிரேக்கர்!" என்று கத்திக்கொண்டு படியில் ஓடினான். பிரேக்கர் ஏற்கெனவே இறங்கியிருந்தது. அதை இறக்க ஓடுவதில் என்ன பயன் என்று ஒரு நொடிதான் யோசித்தேன். மர ஏணி, அதில் கரண்ட் ஏறாது. எட்டி என் முழு பலத்தோடு உதைத்தேன். ஏணி சரிந்தது. தொங்கிய உடம்பின் பாரத்தில் இரண்டு கையும் பிடுங்கிக்கொண்டு வந்தன. ருபெர்தோ தரையில் விழுந்தார். தொடை எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது.

மூச்சு இருந்தது. கை கருகியிருந்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது என் மடியில்தான் அவர் தலை. "இந்தாய், என் காலு" என்றார்.

மறுநாள் மேடம் ஃபெலிசா ஆபீசுக்குக் கூப்பிட்டனுப்பினார். ஏசி அறை. எனக்கு எலுமிச்சைச் சாறு வந்தது. மேசைமேல் தட்டச்சு செய்த ஒரு தாள்.

"பயந்துட்டியா கண்ணு? ராத்திரி தூங்கினியா?"

"அவர் எப்படி இருக்காரு மேடம்?"

"கடவுள் புண்ணியம், உயிருக்கு ஆபத்தில்ல. ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க நாம பாத்துக்கறோம். இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடு."

படித்தேன். பயிற்சியாளர் மாரிவிக் அனுபவக் குறைவால் பிரேக்கரைத் தவறுதலாக ஏற்றிவிட்டதாகவும், பதற்றத்தில் ஏணியைத் தள்ளிவிட்டதாகவும், கம்பெனி உரிய பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்திருந்ததாகவும் எழுதியிருந்தது.

"நான் பிரேக்கரை ஏத்தல. எறக்கினேன். டேப் ஒட்டி எழுதியும் வெச்சேன்."

"டேப் எதுவும் இல்லன்னு நெஸ்தோர் சொல்றான்."

"கிழிச்சுப் போட்டிருப்பாரு!"

"சத்தம் போடாத கண்ணு. பழகற ஆள் பண்ற தப்பை யாரும் பெரிசா எடுத்துக்க மாட்டாங்க. மேஸ்திரி தப்புன்னு போனா, லைசென்ஸ் போயிடும், முப்பது பேர் வேல போயிடும். உன் மேல போட்டா ஒண்ணும் ஆகாது. மிச்ச கையெழுத்து எல்லாத்தையும் இன்னிக்கே போட்டுத் தரச் சொல்றேன். நிரந்தர வேல. ஒரு பொண்ணா உன் கஷ்டம் எனக்குத் தெரியும்."

"பொண்ணா தெரிஞ்சதாலதான் என் பேரைப் போட்டீங்களா?"

மேடத்தின் சிரிப்பு போய்விட்டது. தாளைத் திருப்பி இரண்டாவது பக்கத்தைக் காட்டினார். சாட்சி என்ற இடத்தில் நெஸ்தோரின் கையெழுத்து. அதற்குக் கீழே, கோணல்மாணலாக, இடது கையால் போட்டதுபோல இன்னொன்று. ருபெர்தோ.

எலுமிச்சைச் சாற்றை நான் தொடவேயில்லை. எழுந்து வந்துவிட்டேன். வாசலில் காவலாளி, இனிமேல் கட்டடப் பக்கம் வரக்கூடாது என்று மேடம் சொன்னதாகச் சொன்னான்.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். பன்னிரண்டு கட்டில் இருந்த வார்டில், கால் கயிற்றில் தொங்க, வலது கையில் கட்டோடு ருபெர்தோ படுத்திருந்தார். அவர் மனைவி நெனிதா விசிறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான் பிரேக்கரை ஏத்தினத நீங்க பாத்தீங்களா?" என்றேன்.

கட்டுப் போட்ட கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"ஏறாதீங்கன்னு சொன்னேனா இல்லியா? அதையாவது சொல்லுங்க!"

பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்தார்கள். நர்ஸ் வந்து சத்தம் போடாதே என்றாள். நெனிதா விசிறியைக் கீழே வைத்தாள்.

"அவர்கிட்ட என்ன கேக்கற? என்கிட்ட கேளு. நான்தான் போடச் சொன்னேன். கையெழுத்து இல்லன்னா ஆபரேஷனுக்குப் பணம் கட்டமாட்டேன்னு அந்தம்மா ஆள் வந்து சொல்லிட்டுப் போனான். மூணு பசங்க. நான் என்ன பண்ணணும்? நீயே சொல்லு."

"பழி என் தலையில விழுதே. எனக்காக யாரு பேசுவா?"

"காலை ஒடிச்சது நீதானே?" என்றாள்.

உதைத்தது நான்தான். யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது. அடிக்கிற மாதிரி அங்கே ஒருவரும் இல்லை. ஒருவர் கட்டிலில், ஒருத்தி கண்ணீரோடு. வெளியே வந்து ஷேர் வண்டியான ஜீப்னியில் ஏறினேன்.

வண்டி நகர்ந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. பேனலில் பதினோராம் நம்பருக்கு எதிரே பென்சிலில் எழுதியிருந்ததை நான் தினமும் பார்த்திருக்கிறேன்: 'மாடி நடைபாதை, பேக்கரி பின் ஃப்ரீசர்.' இரண்டும் ஒரே லைன். திங்கட்கிழமை காலை நான் அந்தப் பிரேக்கரை இறக்கினேன். ஃப்ரீசர் நின்றிருக்க வேண்டும். பேக்கரியிலிருந்து ஒருத்தரும் கத்தவில்லை. ஏன் கத்தவில்லை? ஃப்ரீசர் நிற்கவேயில்லை. அப்படியானால் அந்த லைனுக்குக் கரண்ட் பிரேக்கர் வழியாக வரவில்லை. யாரோ மெயினிலிருந்து நேராக ஒரு ஒயரை இழுத்து, பிரேக்கரைத் தாண்டி அந்த லைனில் முடிந்துவிட்டிருக்கிறார்கள். பிரேக்கர் சும்மா பொம்மை.

பேக்கரி வாசலில் இறங்கினேன். கடைக்காரி பெயர் சியோனி, அறுபது வயது, குரல் கட்டடம் முழுக்கக் கேட்கும், எங்களுக்கு 'மனாங்', அதாவது அக்கா. பான் தெ சால் பன் ஒரு பை வாங்கிக்கொண்டு கேட்டேன்.

"மனாங் சியோனி, உங்க பின்னாடி ஃப்ரீசர் முன்ன அடிக்கடி நிக்குமா?"

"நிக்குமாவா! திறந்த முதல் மாசம் தினம் ரெண்டு தடவ பிரேக்கர் விழும். ரெண்டு கல்யாணக் கேக்கு உருகிப் போச்சு. அந்த நெஸ்தோரைப் பிடிச்சு உலுக்கினேன். ஒரு மணி நேரத்துல சரி பண்ணிட்டான். அதுக்கப்புறம் ஒரு தடவகூட நின்னதில்ல."

"சரி பண்ணல மனாங்."

விளக்கிச் சொன்னேன். பிரேக்கர் விழுந்தது ஃப்ரீசரிலோ ஒயரிலோ கோளாறு இருந்ததால். இப்போது விழுவதற்குப் பிரேக்கரே அந்த வழியில் இல்லை. ஒயர் சூடானால் சுவருக்குள்ளேயே எரியும். நீங்கள் கடைப் பின்னறையில்தானே தூங்குகிறீர்கள் என்றும் கேட்டேன். அவள் முகம் மாவுபோல் வெளுத்தது. பிறகு சிவந்தது.

"அந்த நாய் என் தலைமாட்டுல நெருப்பை வெச்சுட்டுப் போயிருக்கானா?"

வியாழக்கிழமைதோறும் என்ஜினியர் பெலாயோ வருவார். கட்டடத்தின் மின்சார வரைபடத்தில் முத்திரை வைப்பவர் அவர்தான். கால் மணி நேரம் சுற்றிவிட்டுக் கிளம்பிவிடுவார். வியாழன் காலையில் சியோனி என்னைத் தன் கடைக்குள் உட்கார வைத்துக்கொண்டாள். பேனல் இருக்கும் சந்துக்கு அவள் கடையின் பின்கதவு வழியாகப் போகலாம். வாசலில் காவலாளி நின்றால் நிற்கட்டும்.

பெலாயோவும் மேடம் ஃபெலிசாவும் நெஸ்தோரும் சந்துக்கு வந்தபோது நான் பேனலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். கையில் ஒரு பல்ப், ஹோல்டர், இரண்டு ஒயர்.

"இவள யாரு உள்ள விட்டது?" என்றான் நெஸ்தோர்.

"நான்தான் விட்டேன்" என்றாள் சியோனி. "என் கடை, என் கதவு. வாயை மூடிட்டு நில்லு."

நான் என்ஜினியரை மட்டும் பார்த்துப் பேசினேன். "சார், ஒரே ஒரு வேல. பதினோராம் நம்பரை நீங்களே உங்க கையால எறக்குங்க."

"சார், இவதான் அந்த விபத்துக்குக் காரணமான..." என்று மேடம் ஆரம்பித்தார்.

"எறக்குங்க சார். எறக்கறதுல என்ன பயம்?"

அவர் எரிச்சலோடு கையை நீட்டி இறக்கினார். டக்கென்று சத்தம் வந்தது. எல்லோரும் நின்றோம். கதவுக்கு அந்தப் பக்கம் ஃப்ரீசர் உர்ரென்று ஓடிக்கொண்டே இருந்தது.

"அந்த ஃப்ரீசர் இந்த லைன்லதான் இருக்கு. உங்க பேனல்லயே எழுதியிருக்கு. ஏன் சார் நிக்கல?"

பின்கதவைத் தள்ளித் திறந்தேன். ஃப்ரீசரைச் செருகியிருந்த இரட்டை பாயின்ட்டின் காலியான பக்கத்தில் என் பல்பின் ஒயர்களை வைத்தேன். பல்ப் பளிச்சென்று எரிந்தது. "மனோங் நெஸ்தோர், இதுவும் பேய்க் கரண்டா? பேய் இவ்வளவு வெளிச்சமா இருக்குமா?"

பெலாயோ தானே ஸ்க்ரூ டிரைவரை வாங்கிப் பேனலின் மூடியைக் கழற்றினார். உள்ளே, மெயினின் மேல்முனையிலிருந்து கறுப்பு ஒயர் ஒன்று வளைந்து போய் பதினோராம் நம்பர் லைனில் டேப் சுற்றிக் கிடந்தது. டேப் பாதி உருகியிருந்தது.

"யார் போட்டது?" என்றார். மெல்லிய குரல்தான். கை நடுங்கியது. ருபெர்தோவுக்காக நடுங்கியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். முத்திரைக்காகத்தான் நடுங்கியது.

நெஸ்தோர் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "தற்காலிகமா போட்டது சார். கேக்கு உருகுதுன்னு இந்தம்மா கத்தினாங்க... அப்புறம் எடுக்க மறந்துட்டேன்."

மறந்துதான் போனானா, தெரிந்தே ருபெர்தோவை ஏற்றினானா, எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டில் எது மோசம் என்றும் தெரியவில்லை.

"மறந்துட்டியா?" என்றேன். மனோங் போய்விட்டது, மரியாதையும் போய்விட்டது. "நான் ரெண்டு தடவ சொன்னேன். அப்பவும் ஞாபகம் வரலியா? ஓடிப் போய் என் டேப்பைக் கிழிக்க மட்டும் ஞாபகம் வந்துதா? ஒரு மனுஷன் தொங்கிட்டிருக்கான், நீ டேப்பக் கிழிக்கற!"

"இந்தாய், நீ..."

"என் பேரு மாரிவிக். பத்தொம்போது வாரமா அதே பேருதான்."

மேடம் ஃபெலிசா கைப்பையைத் திறந்து எதையோ தேடுவதுபோல் தேடிக்கொண்டிருந்தார்.

அன்று மாலைக்குள் மொத்தக் கட்டடத்தின் மின்சாரத்தையும் பெலாயோ நிறுத்திவிட்டார். இரண்டு வாரம் எல்லா லைனையும் பிரித்துப் பார்த்தார்கள். அதே மாதிரி இன்னும் இரண்டு ஒயர் அகப்பட்டதாகச் சியோனி சொன்னாள். நெஸ்தோரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டதாக மேடம் எல்லோரிடமும் சொன்னார். அடுத்த மாதமே வேறு ஊரில் அவருடைய இன்னொரு கட்டடத்தில் அவனைப் பார்த்ததாக ஒருத்தன் சொன்னான். நான் ஆச்சரியப்படவில்லை.

என்மேல் பழி போட்ட தாளைத் திருப்பித் தரச் சொல்லி ஆபீசுக்குப் போனேன். அப்படி ஒரு தாளே இல்லை என்றார்கள். தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தேன். விசாரணை அன்று சியோனி வந்து பேசினாள். பெலாயோ எழுதிக் கொடுத்தார். என் பேரில் தவறில்லை என்று ஆனது, கம்பெனிக்கு அபராதம் போட்டார்கள். ருபெர்தோவைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சீட்டு வந்தது.

மீதி எட்டு வாரத்தைப் பெலாயோவின் வேறொரு இடத்தில், ஒரு பள்ளிக்கூடத்தில் முடித்தேன். அவரிடம் நான் கெஞ்சவில்லை. "நீங்க கையெழுத்துப் போடற இடத்துல எனக்கு வேல வேணும். நீங்க வராத நாள்லயும் அங்க ஒருத்தர் டெஸ்ட் பண்ணுவாங்கன்னு உங்களுக்குத் தெரியணும் இல்ல?" என்றேன். சரி என்றார். தேர்வில் தேறினேன். அதே பள்ளிக்கூடத்தில் சம்பளத்துக்கு நின்றேன்.

அங்கேதான் ஒருநாள் மதியம் ருபெர்தோ வந்தார். கைத்தடி. வலது கையில் இரண்டு விரல் மடங்காமல் நின்றன. வேலிக்கு வெளியே நின்றுகொண்டு ஒரு டப்பாவை நீட்டினார். நெனிதா செய்த இனிப்பு என்றார்.

"மாரிவிக்" என்றார். அவர் வாயிலிருந்து என் பெயரை அன்றுதான் முதல்முறை கேட்டேன். "மன்னிச்சுடு. அன்னிக்கு நீ ஏணிய உதைக்கலன்னா நான் செத்திருப்பேன். டாக்டரே சொன்னாரு."

"அத விசாரணையில வந்து சொல்லியிருக்கலாம்."

தலையைக் குனிந்துகொண்டார்.

"இப்பவும் நேரம் இருக்கு" என்றேன். "என்கூட வாங்க. மேடம்கிட்ட போய் இதையே சொல்லுங்க. அந்தக் கையெழுத்து பொய்யின்னு எழுதிக் குடுங்க. நான் லீவு போட்டுட்டு வரேன்."

கைத்தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டார். "கால்ல வெச்ச இரும்புத் தகட்ட எடுக்கணும். இன்னொரு ஆபரேஷன் இருக்கு. அதுக்கும் அவங்கதான்..." என்று இழுத்தார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் கைத்தடியைப் பார்த்தும் வந்தது. அந்தக் கைத்தடியால்தானோ என்னவோ, இன்னும் அதிகமாக வந்தது.

"மனோங் ருபெர்தோ, உங்க கால ஒடிச்சது நான். அதுக்கு நான் மன்னிப்பு கேக்கறேன். மனசாரக் கேக்கறேன். ஆனா அந்தக் காகிதத்துக்கு நீங்க கேக்கற மன்னிப்ப என்னால வாங்கிக்க முடியாது. ஆபரேஷன் முடிஞ்சதும் வாங்க. அப்ப கேளுங்க. அப்பவும் குடுப்பேனான்னு தெரியாது."

டப்பாவை வேலிக் கம்பியில் மாட்டிவிட்டு, தடியை ஊன்றி ஊன்றி ஜீப்னி நிற்கும் இடத்துக்குப் போனார். கொஞ்ச தூரம் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். நூலக அறையில் எட்டு பாயின்ட் பாக்கி இருந்தது, சாயங்காலம் மழை வரும்போல் இருந்தது. டப்பாவை எடுத்து அங்கே வேலை செய்த கொத்தனார்களிடம் கொடுத்துவிட்டு மாடிக்குப் போனேன். எட்டு பாயின்ட்டையும் முடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.